கூகுள்ல உங்க சைட் வரலையா? முதல்ல இதைப் பாருங்க

என் சித்தி வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறாங்க. போன வருஷம் அவங்களுக்கு ஒரு வெப்சைட் பண்ணிக் கொடுத்தேன். ரெண்டு மாசம் கழிச்சு, "ஏன்டா, கடை பேரைப் போட்டுத் தேடினாகூட வர மாட்டேங்குதே?"ன்னு கேட்டாங்க. நானும் கீவேர்ட்ஸ் டேகை மாத்தி மாத்திப் பார்த்தேன். ஒண்ணும் நடக்கல. ரேங்கிங்குக்கு அதைப் பார்க்கிறதே இல்லைன்னு கூகுள் 2009-லேயே சொல்லிடுச்சு!

கூகுள் மூணு படியில வேலை செய்யுது. முதல்ல க்ராலிங்: கூகுள்பாட் லிங்க் வழியா வந்து பக்கத்தைப் படிக்கும். அடுத்து இண்டெக்ஸிங்: படிச்சதைத் தன் பட்டியல்ல சேர்க்கும். ரேங்கிங் கடைசியாத்தான். பட்டியல்லயே இல்லாத பக்கத்துக்கு ரேங்க் எங்கிருந்து வரும்?

சித்தி சைட் ரெண்டாவது படியிலேயே நின்னுடுச்சு. டெஸ்டிங்ல இருக்கும்போது நான் போட்ட 'நோஇண்டெக்ஸ்' டேகை எடுக்க மறந்துட்டேன். பட்டியல்ல சேர்க்காதேன்னு நானே சொல்லியிருக்கேன்; கூகுளும் கேட்டுக்கிச்சு.

உங்க சைட்டையும் இப்பவே செக் பண்ணுங்க. கூகுள்ல 'சைட்'ன்னு ஆங்கிலத்துல டைப் பண்ணி, ஒரு கோலன் போட்டு, இடைவெளி விடாம உங்க டொமைனைப் போடுங்க. ஒரு பக்கமும் வரலைன்னா, சர்ச் கன்சோல்ல அந்த முகவரியைக் கொடுங்க. எந்தப் படியில நிக்குதுன்னு அதுவே காரணத்தோட சொல்லும். இலவசம்தான்.

டேகை எடுத்ததும் சில நாள்ல கடை பேர் வந்துடுச்சு. ஆனா, தீபாவளி ஆர்டர் போனது போனதுதான். சித்தி இன்னும் சொல்லிக் காட்டுறாங்க.