யாழ்ப்பாணத்தில் ஒரு ஹாம் நிலையம்

யாழ்ப்பாண நகரத்திலிருந்து பண்ணைப் பாலத்தால் வேலணைக்குப் போகிறவர் வழியில் ஒரு கோட்டைக் கடக்கிறார். 80 பாகை கிழக்கு நெடுங்கோடு அது. தெருவில் அதற்கு எந்த அடையாளமும் கிடையாது. உலகெங்கும் உள்ள அமெச்சூர் வானொலிக்காரர்கள் பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு குறியீடு வைத்திருக்கிறார்கள். ஒரு கட்டம் 2 பாகை நெடுங்கோடு, 1 பாகை அகலக்கோடு கொண்டது. நகரம் இருக்கும் கட்டம் என்.ஜே. 09. ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவு எல்லாம் எம்.ஜே. 99. பஸ்ஸில் சிறிது தூரம் போனாலே வானொலி உலகில் உங்கள் விலாசம் மாறிவிடுகிறது.

இந்தக் கலையில் இடத்துக்கு அத்தனை முக்கியம் உண்டு. முன்பின் அறியாத இரண்டு பேர் அலையில் சந்திக்கும்போது முதலில் சொல்லிக்கொள்வது மூன்று விஷயம்: தன் அழைப்புக்குறி, மற்றவரின் ஒலி எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது, தான் எந்த ஊரிலிருந்து பேசுகிறார் என்பது. ஆகவே புதிதாக யாழ்ப்பாணத்துக்குக் குடிவருகிற ஒருவர், வேலை மாற்றமாகி வந்தவரோ வெளிநாட்டிலிருந்து திரும்பியவரோ, இந்தப் பொழுதுபோக்கைக் கையில் எடுத்தால், ஊரைக் காற்று, மண், கடல், வானம் என்ற வரிசையில் அறியத் தொடங்குவார்.

ஹாம் என்று செல்லமாக அழைக்கப்படும் அமெச்சூர் வானொலிக்காரர், அரசின் பரீட்சையில் சித்தியடைந்து, உரிமம் பெற்று, சொந்த ஒலிபரப்பியை இயக்குபவர். தொலைபேசிக் கம்பமோ இணையமோ அவருக்குத் தேவையில்லை. அவருடைய கருவியிலிருந்து கிளம்பும் அலை வானத்தில் பட்டு நேரே மற்றவரின் கம்பியில் இறங்குகிறது. பழைய மின்குமிழ் ஒன்று எரியத் தேவைப்பட்ட 100 வாற்று வலுவே கண்டம் தாண்டப் போதும். இதைக்கொண்டு வியாபாரம் செய்யக்கூடாது. சங்கேத மொழியில் பேசக்கூடாது. பேச்சு முழுவதும் எவரும் கேட்கத்தக்க திறந்த பேச்சு.

இலங்கையில் உரிமம் கொடுப்பது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின் கீழ் அது இயங்குகிறது. தொடக்கநிலை, பொதுநிலை, உயர்நிலை என மூன்று படிகள் உண்டு. இங்கே உரிமம் பெற்றவரின் அழைப்புக்குறி 4 என்ற இலக்கத்தோடும் எஸ் என்ற எழுத்தோடும் தொடங்கும். ஏற்கெனவே உரிமம் உள்ளவர் கொழும்பிலிருந்தோ கண்டியிலிருந்தோ வந்தால், முதல் வேலையாகப் புதிய முகவரியை ஆணைக்குழுவுக்கு அறிவிக்கட்டும். லண்டனிலிருந்தும் ஒஸ்லோவிலிருந்தும் வருகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். ஐரோப்பிய நாடுகளுக்கிடையே ஒரு நாட்டு உரிமத்தோடு மற்ற நாட்டிலும் பேசலாம் என்ற ஏற்பாடு உண்டு. இலங்கை அதில் சேரவில்லை. இங்கே தனியாக விண்ணப்பித்து அனுமதி பெறவேண்டும். கருவியைக் கொண்டுவரவும் அனுமதி வேண்டும். நீண்ட போரைக் கண்ட மண் இது. உரிமத்தைக் கையில் வைத்திருப்பதும், வளவில் கம்பி கட்டுமுன் அயலவருக்கு விளக்கிச் சொல்வதும் எல்லோருக்கும் நிம்மதி.

உரிமம் வரும்வரை சும்மா இருக்கவேண்டியதில்லை. நல்ல சிற்றலை வானொலி ஒன்று போதும். முதலில் வீட்டின் இரைச்சலைப் பாருங்கள். பற்றரியில் வானொலியைப் போட்டு, வீட்டின் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். இரைச்சல் சட்டென்று அடங்கினால் குற்றவாளி உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது: மலிவான எல்.ஈ.டி. மின்குமிழ், கைத்தொலைபேசிச் சார்ஜர், சூரியமின் இன்வேட்டர். அடங்காவிட்டால் அது வெளியிலிருந்து வருகிறது. பிறகு காலை, மதியம், இரவு என்று ஒரே அலைவரிசையைக் கேளுங்கள். பகலில் மேல் வளிமண்டலத்தில் தாழ்வாக உள்ள படையொன்று 7 மெகாஹேர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைகளைப் பெருமளவு உறிஞ்சிவிடும். பொழுது சாய்ந்ததும் அந்தப் படை கலைந்து, மேலே சில நூறு கிலோமீற்றர் உயரத்தில் இருக்கும் படை அதே அலைகளைத் தூரதேசங்களுக்குத் திருப்பி அனுப்பும். புவிக்காந்த நடுக்கோடு குடாநாட்டுக்கு அருகில் போவதால், இங்குள்ள வானத்துக்கு ஐரோப்பாவில் பார்க்க முடியாத குணங்கள் உண்டு. லண்டனில் பழகிய அட்டவணையை இங்கே நம்பமுடியாது. காதால் கேட்டுத்தான் பழகவேண்டும்.

அடுத்தது அன்டெனா. தொடங்குகிறவருக்கு ஏற்றது அரையலைக் கம்பி. 143 என்ற எண்ணை மெகாஹேர்ட்ஸ் எண்ணால் வகுத்தால் கம்பியின் நீளம் மீற்றரில் வரும். 7.1 மெகாஹேர்ட்ஸுக்கு ஏறத்தாழ 20 மீற்றர். நடுவில் வெட்டி, பக்கத்துக்குப் பத்து மீற்றராக இழுக்கவேண்டும். யாழ்ப்பாணத்து வளவில் இதற்குத் தூண் தேடி அலையத் தேவையில்லை, பனை நிற்கிறது. ஆனால் பனை ஆடும் மரம். இரு முனையையும் இறுக்கிக் கட்டினால் சோளகக் காற்று தொடங்கிய சில நாளிலேயே கம்பி அறுந்துவிடும். மரமேறத் தெரிந்தவரைக் கொண்டு ஒரு முனையில் கிணற்றுக் கப்பி ஒன்றைக் கட்டுங்கள். கம்பியின் நுனியில் நைலோன் கயிறு. கயிறு கப்பிக்கு மேலால் வந்து கீழே தொங்கும். அதன் அடியில் மணல் நிரப்பிய வாளி. மரம் அசையும்போது வாளி ஏறி இறங்கும், கம்பி தப்பும். பத்து மீற்றருக்குக் குறைந்த உயரத்தில் கட்டினாலும் குற்றமில்லை. அந்த உயரத்தில் அலை செங்குத்தாக மேலே போய்ச் சுற்றுப்புறத்திலேயே இறங்கும். ஏறத்தாழ 300 கிலோமீற்றர் தூரத்திலுள்ள கொழும்போடு பேச அதுதான் வேண்டும்.

அன்டெனாவுக்கு இரண்டு எதிரிகள் உண்டு. ஒன்று உப்புக்காற்று. ஈயப்பற்று வைத்த இணைப்புகளை நாடா சுற்றி மூடாவிட்டால் ஒரு மாரிக்குள் பச்சை பூத்துவிடும். மற்றது மின்னல். சித்திரையிலும் ஐப்பசியிலும் இடி முழங்கும் பின்னேரங்களில் முதல் அடி வாங்குவது பனை. பேசி முடித்ததும் அன்டெனாவிலிருந்து கருவிக்கு வரும் கேபிளைக் கழற்றி வெளியே விடுவது கட்டாயப் பழக்கமாகட்டும்.

உப்புக்கு நல்ல முகமும் இருக்கிறது. கடல்நீர் நல்ல ஈரமண்ணைவிட நூறு மடங்குக்கு மேல் மின்னைக் கடத்தும். நீரோரத்தில் நிறுத்திய செங்குத்து அன்டெனாவின் அலை, தொடுவானத்தை ஒட்டித் தாழ்வாகப் புறப்பட்டு நெடுந்தூரம் போகும். 14 மெகாஹேர்ட்ஸுக்கு ஐந்து மீற்றர் உயரக் குழாய் ஒன்று போதும். காரைநகரின் கசூரினாக் கடற்கரையில் அதை நிறுத்திப் பார்ப்பவர், ஊருக்குள் சுண்ணாம்புக்கல் மேல் நிறுத்திய அதே குழாயோடு ஒப்பிட்டால் வித்தியாசத்தைக் காதிலேயே உணர்வார்.

மீயுயர் அலைகள், அதாவது 144 மெகாஹேர்ட்ஸும் அதற்கு மேலும், பொதுவாகப் பார்வைத் தூரத்தைச் சற்றே தாண்டும். பத்து மீற்றர் உயரத்தில் இருக்கும் இரு அன்டெனாக்கள் சுமார் 26 கிலோமீற்றர் வரை பேசும். காங்கேசன்துறைக்கும் தமிழ்நாட்டின் கோடிக்கரைக்கும் இடையே 50 கிலோமீற்றருக்கு மேல் கடல். ஆனாலும் காற்று அடங்கிய நாட்களில் தமிழ்நாட்டு எஃப்.எம். நிலையங்கள் இங்கே துல்லியமாகக் கேட்பதை ஊரார் அறிவார்கள். கடலின் மேலுள்ள ஈரக்காற்றுக்கு மேலே சூடான உலர்காற்று படியும்போது, வாய்க்காலில் ஓடும் நீர்போல அலை அந்த இடைவெளிக்குள் வளைந்து ஓடுகிறது. அதைப் பிடிக்கக் காத்திருப்பது ஹாம்களுக்குத் தனி இன்பம்.

மேலும் துணிந்தவர்களுக்கு விண்வெளியும் உண்டு. 2018 நவம்பரில் ஏவப்பட்ட கட்டார் நாட்டின் எஸ்ஹெயில்-2 செயற்கைக்கோள், அமெச்சூர்களுக்கான அஞ்சல்கருவியைச் சுமந்தபடி பூமத்தியரேகைக்கு மேல் 25.9 பாகை கிழக்கில் நிற்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து பார்த்தால் மேற்கு வானில் தொடுவானத்துக்கு மேல் 27 பாகை அளவில் இருக்கும்; ஒரு சிறிய தட்டு அன்டெனா அதை எட்டும். இப்படி நிலைத்து நிற்கும் செயற்கைக்கோள்கள் தொடர்பாடலுக்கு உதவும் என்று 1945இல் எழுதிய ஆர்தர் சி. கிளார்க், பின்னர் இலங்கையையே தன் வீடாக்கிக்கொண்டவர்.

இந்தக் கலை யாழ்ப்பாணத்தில் வேரூன்றவேண்டும் என்று நான் விரும்புவதற்குக் காரணம் உண்டு. 1990களின் முற்பகுதியில் குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லை. பற்றரிகள் தடைசெய்யப்பட்ட பொருள். மக்கள் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் பீ.பீ.சி. தமிழோசையையும் வெரித்தாஸ் வானொலியையும் கேட்டார்கள். வானொலியின் அருமை தெரிந்த சமூகம் இது. ஆனால் அன்று கேட்க மட்டுமே முடிந்தது. பதில் சொல்ல வழியில்லை.

பதில் சொல்லும் வழி எவ்வளவு பெறுமதியானது என்பதை 2004 டிசம்பர் 26 காட்டியது. சுனாமி தொலைபேசிகளைச் சாய்த்தபோது, இலங்கை வானொலிச் சங்கத்தைச் சேர்ந்த ஹாம்கள் அம்பாந்தோட்டைக்குப் போய்ச் சிற்றலை வழியாகக் கொழும்போடு தொடர்பை ஏற்படுத்தினார்கள். அந்தமானில் போட் பிளேயரிலிருந்து பொழுதுபோக்காக ஒலிபரப்பச் சென்றிருந்த ஹாம் பாரதி பிரசாத், அன்று காலை முதல் செய்தி அஞ்சலுக்கே தன் நிலையத்தைத் திருப்பினார். குடாநாட்டின் வடமராட்சி கிழக்கும் அன்று அடிபட்ட கரைதான். 2008இல் நிஷா புயல், 2020இல் புரெவி என வடக்குக்குப் புயல்களும் புதிதல்ல.

ஆபத்து நேரத்தில் உதவும் திறமை ஆபத்து நேரத்தில் கற்றுக்கொள்ளக் கூடியதன்று. ஓய்வான மாலைகளில், விருப்பத்தோடு, ஆண்டுக்கணக்கில் பழகிய கைகளுக்கே அது வரும். ஊருக்குப் புதிதாக வந்த ஹாம் ஒருவர் பக்கத்துப் பாடசாலையின் விஞ்ஞானக் கழகத்துக்குத் தன் கருவியைக் கொண்டுபோய்க் காட்டட்டும். பத்துப் பிள்ளைகள் தொடக்கநிலைப் பரீட்சைக்குப் படிக்கத் தொடங்கினால், அடுத்த புயலுக்கு முன் குடாநாட்டுக்கென்று பத்து அழைப்புக்குறிகள் இருக்கும்.