இதயத்தில் தைத்த ஆணி

திருக்குறளின் படைச்செருக்கு அதிகாரத்தில், கைவேலைக் களிற்றின்மீது எறிந்துவிட்டு வேறொரு வேல் தேடும் வீரன், தன் மெய்யில் தைத்திருந்த வேலையே பறித்து மகிழ்கிறான். அக்காட்சியை வகுப்பறையில் நாம் பலமுறை நயந்து விளக்கியிருக்கிறோம். மருத்துவம் சொல்வதோ இதற்கு நேர்மாறு. தைத்ததைப் பறிக்கலாகாது என்பதே அதன் முதல் விதி.

அமெரிக்காவில் வீடுகள் பெரும்பாலும் மரச்சட்டங்களால் கட்டப்படுவன. அங்குத் தச்சர்கள் சுத்தியலுக்கு மாறாக, அழுத்தப்பட்ட காற்றின் விசையால் ஆணியைச் செலுத்தும், துப்பாக்கி போன்றதொரு கருவியைக் கையாள்கின்றனர். விசையை அழுத்தியபடியே வைத்திருக்க, முனை எதில் முட்டினாலும் ஆணி பாயும் வகையே அவற்றுள் தீங்கு மிக்கது. 2001 முதல் 2005 வரை, ஆண்டுக்கு ஏறத்தாழ 37,000 பேர் இக்கருவியால் காயமுற்று அந்நாட்டு அவசர சிகிச்சைப் பிரிவுகளை நாடினர். பெரும்பாலும் கைவிரற் காயங்களே. அரிதாக, ஆணி மார்பைத் துளைத்து இதயத்தையும் எட்டிவிடுவதுண்டு. மார்பெலும்புக்கு நேர் பின்னே இருப்பது வலக் கீழறையாதலின், அதுவே மிகுதியும் புண்படுகிறது.

இங்கே ஒரு விந்தை. துளையிட்ட ஆணியே அத்துளையை ஓரளவு அடைத்தும் நிற்கிறது! அதைப் பிடுங்கினால் குருதி பீறிட்டு இதயத்தைச் சூழ்ந்த உறைக்குள் நிறையும். அவ்வுறை திடீரென விரிந்து கொடுக்கும் இயல்பினதன்று. ஏறத்தாழ 200 மில்லிலிட்டர் குருதி விரைந்து சேர்ந்தாலே இதயம் நெருக்குண்டு, விரிய இடமின்றித் திணறும். இழந்த குருதியினும், சிறைப்பட்ட குருதியே இங்குக் கொல்கிறது எனலாம். தாழும் இரத்த அழுத்தம், புடைக்கும் கழுத்துச் சிரைகள், மங்கி ஒலிக்கும் இதயத் துடிப்பு ஆகிய மூன்றையும் இதன் அடையாளங்களாக 1935இல் அறுவை மருத்துவர் கிளாட் பெக் எடுத்துரைத்தார். ஆயினும் மூன்றும் ஒருங்கே தோன்றவேண்டுமென்பதில்லை. ஆணி முழுதும் உள்ளே மறைந்து, தோலில் ஒரு புள்ளி மட்டுமே தெரிய, காயமுற்றவர் நடந்துவந்து பேசவும் கூடும். அதனை நம்பிக் காலந்தாழ்த்தலாகாது. அல்ட்ரா சவுண்டு கருவி, உறைக்குள் குருதி சேர்ந்திருப்பதைச் சில நிமிடங்களில் காட்டிவிடும். எக்ஸ்ரே ஆணியின் இருப்பிடத்தை உணர்த்தும். அழுத்தம் நிலையாயிருப்பின் சி.டி. ஸ்கேனும் எடுக்கலாம். அழுத்தம் சரிந்துகொண்டிருந்தாலோ, படங்களுக்குக் காத்திராமல் அறுவைக் கூடத்திற்கே விரைதல் வேண்டும். ஊசியால் குருதியை வெளியேற்றுவது சற்றுநேர உதவியே. உறைந்த குருதி ஊசிவழி வாராது.

அறுவைக் கூடத்தில் மார்பெலும்பைப் பிளந்து, உறையைத் திறந்து, தேங்கிய குருதியை அகற்றுவர். பின்னர் ஆணியைச் சுற்றித் தையல் இட்டு வைத்துக்கொண்டு, கண்காணவே ஆணியை உருவி, அக்கணமே முடிச்சை இறுக்குவர். நூல் தசையை அறுத்துவிடாதிருக்க, சிறு துணித்துண்டுகளை அணைகொடுத்துத் தைப்பதும் உண்டு. உள்ளிருக்கும் வால்வுகளும் இடைச்சுவரும் சேதமுற்றனவா என்பதையும் ஆராய்வர். இதய நுரையீரல் இயந்திரம் அருகில் ஆயத்தமாக இருக்கும்.

அவ்வியந்திரம் இல்லாத காலத்தில், 1896ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள், ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரில் லுட்விக் ரேன் என்னும் அறுவை மருத்துவர், கத்திக்குத்துப்பட்ட இளைஞர் ஒருவரின் வலக் கீழறையில் மூன்று பட்டு நூல் தையல்கள் இட்டார். துடிக்கும் இதயத்தில் எங்ஙனம் ஊசி செலுத்துவது? அது சுருங்கி விரியும் அந்த ஒரு கண இடைவெளியையே அவர் பயன்படுத்திக்கொண்டார். இளைஞர் பிழைத்தெழுந்தார்.