ஊர்ப்பெயரும் உலாவி எஞ்சினும்

சுமார் 20 வருடங்களுக்கு முன்னர், மொசில்லா நிறுவனம் நேரடியாக வழங்கிய ஃபயர்பொக்ஸை ஒரு லினக்ஸ் கணினியில் திறந்து “திருகோணமலை” என்ற சொல் வரும் பக்கத்தைப் பார்த்தால், நம் ஊரின் பெயர் உடைந்துதான் தெரியும். ‘கோ’வின் இரட்டைக்கொம்பு ககரத்துக்கு முன்னால் நிற்காது, பின்னால் போய் அரவோடு ஒட்டிக்கொள்ளும். ‘லை’யின் கொம்புக்கும் அதே கதி. அதே கணினியில் கொன்கொறர் என்ற உலாவியைத் திறந்தால் பெயர் ஒழுங்காக நிற்கும். கணினி ஒன்று, எழுத்துரு ஒன்று, பக்கமும் ஒன்று. உள்ளே இருந்த எஞ்சின் மட்டுமே வேறு.

இணையப் பக்கம் என்று நமக்கு வந்து சேர்வது உண்மையில் படமன்று, வெறும் குறிப்புகள். இது தலைப்பு, இது பந்தி, இந்தப் படம் வலப்பக்கம் என்று எழுதப்பட்ட ஒரு நீண்ட சீட்டு. அந்தச் சீட்டை வாசித்து, அளந்து, திரையில் வரைந்து தருவதே உலாவி எஞ்சினின் வேலை. உலாவியின் பெயரும் பொத்தான்களும் படகின் வர்ணம் மாதிரி. கடலில் ஓடுவது எஞ்சின்தான்.

லினக்ஸ் டெஸ்க்டொப்புக்கு எதற்கு இந்த எஞ்சின், உலாவியை வேண்டியவர் நிறுவிக்கொள்ளலாமே என்று கேட்கலாம். மின்னஞ்சலைத் திறந்தால் அதற்குள்ளும் இணையப் பக்கம் போன்ற ஒன்றுதான் இருக்கிறது. உதவிக் குறிப்புகளும் அப்படியே. ஆகவே க்னோம், கேடிஈ போன்ற டெஸ்க்டொப் சூழல்களை உருவாக்குவோர் ஓர் எஞ்சினைத் தெரிவுசெய்தே ஆகவேண்டும். அந்தத் தெரிவை அவர்கள் எப்படிச் செய்தார்கள் என்பது நம்மூர்க் கரையில் படகு எஞ்சின் வாங்கும் கதையைப் போன்றதே.

கிண்ணியாவிலோ மூதூரிலோ ஒரு படகுக்காரரிடம் எஞ்சின் வாங்குவது பற்றிக் கேட்டுப் பாருங்கள். வேகத்தை மட்டும் அவர் பேசமாட்டார். உதிரிப்பாகம் கிடைக்குமா, பழுது பார்க்க ஆள் உண்டா, எண்ணெய் எவ்வளவு குடிக்கும், தன் படகு அதைத் தாங்குமா என்றுதான் முதலில் பார்ப்பார். கேடிஈ குழுவினர் இன்னொரு வழியை எடுத்தார்கள்: எஞ்சினைத் தாங்களே செய்தார்கள். கேஎச்டிஎம்எல் எனப்பட்ட அது 2000 ஒக்டோபரில் வெளியான கேடிஈ 2உடன் கொன்கொறருக்குள் வந்தது. சிறியது, துப்புரவாக எழுதப்பட்டது. அதனால்தான் 2003 ஜனவரியில் அப்பிள் நிறுவனம் சஃபாரி உலாவியை அறிவித்தபோது, அதன் அடித்தளமாக இந்தச் சிறு எஞ்சினையே எடுத்திருந்தது. அப்பிள் வளர்த்த பிரதிக்கு வெப்கிட் என்று பெயர். 2005 ஜூனில் அதைத் திறந்த மூலத் திட்டமாக வெளியிட்டது.

க்னோமின் உலாவியான எபிஃபனி, மொசில்லாவின் கெக்கோ எஞ்சினில் ஓடிக்கொண்டிருந்தது. கெக்கோ பலமானதுதான். ஆனால் அது ஃபயர்பொக்ஸுக்காகவே வளர்ந்தது. வேறு மென்பொருளுக்குள் பொருத்தும் வழி கவனிப்பாரற்றுக் கிடந்தது. க்னோம் 6 மாதத்துக்கு ஒருமுறை புதிய பதிப்பு வெளியிடும். மொசில்லாவின் கால அட்டவணை அதற்கு ஒத்துவரவில்லை. 2008 ஏப்ரல் 1ஆம் திகதி, வெப்கிட்டுக்கு மாறப்போவதாக எபிஃபனி குழு அறிவித்தது. திகதியைப் பார்த்து யாராவது சிரித்திருந்தால் குற்றம் சொல்ல முடியாது. மாற்றம் முழுதாகக் கைக்கு வர 2009 செப்டெம்பரில் க்னோம் 2.28 வரும்வரை பொறுக்க வேண்டியிருந்தது. அந்தத் தெரிவு சரியானது என்பதே என் எண்ணம். க்னோமின் அஞ்சல் செயலியும் உதவிப் பக்கங்களும் இன்றும் வெப்கிட்டில்தான் ஓடுகின்றன.

கேடிஈயின் பிற்காலம் சற்று மனவருத்தம் தரும். 2013 ஏப்ரலில் கூகுள் வெப்கிட்டிலிருந்து பிரிந்து பிளிங்க் என்ற எஞ்சினைத் தொடங்கியது. கேடிஈ தங்கியிருக்கும் கியூட்டி என்ற மென்பொருள் நூலகம், 2014 டிசம்பரில் பிளிங்க்கை அடிப்படையாகக் கொண்ட கியூட்டி வெப்எஞ்சினைக் கொண்டுவந்தது. அதிலிருந்த பழைய வெப்கிட் பின்னர் கைவிடப்பட்டது. எஞ்சின் என்பது முன்பின் தெரியாதவர் அனுப்பும் பக்கங்களையெல்லாம் வாசிப்பது. அதன் ஓட்டைகளை அடைக்காமல் விட்டால் கணினிக்கே ஆபத்து. பெரிய நிறுவனங்களின் வேகத்துக்கு ஈடாகத் தொண்டர்களால் ஓட்டை அடைத்துக்கொண்டிருக்க முடியவில்லை. 2024 பெப்ரவரியில் கேடிஈ 6 வந்தபோது கேஎச்டிஎம்எல் அதில் இல்லை. தான் பெற்ற பிள்ளையின் பேரனிடம் போய்த் தங்கியிருக்கிறது கேடிஈ.

மைக்ரோசொஃப்ட்கூட 2020இல் எட்ஜ் உலாவியை பிளிங்க்குக்கு மாற்றிவிட்டது. கரையில் உள்ள படகுகள் எல்லாம் ஒரே எஞ்சினைப் பூட்டினால் பழுது பார்ப்பது இலகு. ஆனால் முகவர் நாளை விலையை ஏற்றினால் கேட்க ஆளில்லை. இணையப் பக்கம் எப்படி இருக்கவேண்டும் என்பதை ஒரே நிறுவனம் தீர்மானிக்கும் நிலையும் அதுதான்.

இனி நம் ‘கோ’வுக்கு வருவோம். யூனிகோட்டில் முதலில் ‘க’வும் அதன் பின் ஓகாரக் குறியும் சேமிக்கப்படும். திரையில் அந்தக் குறியை இரண்டாகப் பிரித்து, கொம்பை முன்னும் அரவைப் பின்னும் வைக்கவேண்டும். ‘ஸ்ரீ’ என்ற ஒரே வடிவுக்குள் நான்கு குறியீடுகள் இருக்கின்றன. விண்டோஸ் 98 காலத்தில் இதே தொல்லையோடு போராடி, பக்கத்தோடு சேர்ந்தே இறங்கும் ‘தேனீ’ எழுத்துருவை இலவசமாகத் தந்தவர் அதிராம்பட்டினத்து உமர்தம்பி. 2006இல் அவர் காலமானார். லினக்ஸில் ஃபயர்பொக்ஸின் குறை 2008இல் வந்த 3ஆம் பதிப்போடு தீர்ந்தது.

இன்று இந்தக் கோர்வை வேலையை லினக்ஸில் ஹார்ஃப்பஸ் என்ற பொது மென்பொருள் செய்கிறது. ஃபயர்பொக்ஸ், குரோம், க்னோம், அன்ட்ரொயிட் தொலைபேசி எல்லாவற்றிலும் அது இருக்கிறது. மதரஸாவில் ஓதிய பிள்ளைகளுக்கு அந்தப் பெயரின் முதற்பாதி தெரியும்: ஹர்ஃப், எழுத்து. பாஸ் என்றால் பாரசீகத்தில் திறந்தது. எஞ்சின்கள் தமக்குள் போட்டியிட்டாலும் எழுத்தை மட்டும் பொதுவில் வைத்துக்கொண்டது தமிழுக்கு வாய்த்த நல்ல காலம்.

வீட்டிலுள்ள பழைய கணினியில் லினக்ஸ் போட எண்ணும் பெற்றோருக்கு நான் சொல்வது இதுதான். டெஸ்க்டொப்போடு வரும் எஞ்சினை மாற்ற வேண்டாம். அது அஞ்சலுக்கும் உதவிப் பக்கத்துக்கும் போதும். உலாவுவதற்கு ஃபயர்பொக்ஸையும் வைத்துக்கொள்ளுங்கள், கெக்கோவைக் கொண்டிருக்கும் பெரிய உலாவி அது ஒன்றுதான். வாராந்தம் இற்றைப்படுத்தல் வருகிறதா என்று பாருங்கள். முதல் நாளே “திருகோணமலை”, “கொட்டியாரம்”, “ஸ்ரீ” என்ற மூன்றையும் தட்டச்சுச் செய்து பிள்ளையிடம் காட்டுங்கள். கொம்பு இடம் மாறியிருந்தால் அவளே முதலில் கண்டுபிடிப்பாள்.