சாயத்தில் எழுதிய பாட்டு

2000-ஐ ஒட்டிய பத்துப் பதினைந்து ஆண்டுகளில் ஜொகூர்த் தமிழர் வீடுகளின் திருமணம், கோயில் திருவிழா, தமிழ்ப்பள்ளி ஆண்டு விழா, உறுமி மேளப் பயிற்சி என்று பதிவான ஒலிகளில் பெரும்பகுதி கணினியில் பர்ன் செய்த சிடிகளில்தான் போய்ச் சேர்ந்தது. கேசட் ஓய்ந்துகொண்டிருந்தது, பென்டிரைவ் விலை இறங்கவில்லை, கைப்பேசியில் பாட்டு கேட்கும் வழக்கம் பரவவில்லை. மேலே மார்க்கர் பேனாவால் பெயர் எழுதி மாமா வீட்டுக்கு ஒன்று, சித்தி வீட்டுக்கு ஒன்று என்று கொடுத்தார்கள். தோட்டம் மூடப்பட்டு மாசாய்க்கும் ஸ்கூடாய்க்கும் குடிபெயர்ந்தவர்கள், பழைய லயத்துக் கோயிலின் கடைசித் திருவிழாவை அப்படித்தான் கையோடு எடுத்து வந்தார்கள்.

கடையில் வாங்கிய படப்பாட்டு சிடி கெட்டுப்போனால் அந்தப் பாட்டை வேறு எங்காவது தேடிப் பிடிக்கலாம். பாட்டி பாடிய தாலாட்டுக்கோ, இன்று இல்லாத ஒரு குழு அடித்த உறுமிக்கோ அந்த வழி இல்லை. பர்ன் செய்த சிடியோ, கடையில் வாங்கியதைவிட வேகமாக அழியக்கூடியது. காரணம் புரிய, பர்ன் செய்யும்போது தட்டுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஒலி என்பது காற்றழுத்தத்தின் ஏற்ற இறக்கம். ஆடியோ சிடி அதை நொடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 65,536 படிகளில் ஒன்றாகக் குறித்துக்கொள்கிறது. இடப்பக்க ஒலிக்கு ஒரு வரிசை, வலப்பக்க ஒலிக்கு இன்னொன்று. நம் காது கேட்கும் உச்சம் நொடிக்கு ஏறக்குறைய 20,000 அதிர்வுகள். அதன் இருமடங்குக்குச் சற்று மேல் அளந்தால் எதுவும் விட்டுப்போகாது என்பது கணிதம். ஆனால் சரியாக 44,100 என்ற எண் எங்கிருந்து வந்தது? வீடியோ டேப்பிலிருந்து. 1970-களின் இறுதியில் இவ்வளவு எண்களைத் தாங்கக்கூடிய சாதனம் அதுதான் என்பதால், ஒலியை எண்ணாக்கி வீடியோ படத்தின் கோடுகளுக்குள் எழுதினார்கள். கோட்டுக்கு 3 அளவுகள், ஓர் அரைப்படத்துக்கு 245 கோடுகள், நொடிக்கு 60 அரைப்படங்கள். பெருக்கினால் 44,100. ஐரோப்பிய முறையில் 294 கோடுகள், 50 அரைப்படங்கள்; அதுவும் 44,100 தான். இரண்டுக்கும் பொருந்திய அந்த எண்ணை பிலிப்ஸும் சோனியும் 1980-ல் வகுத்த சிடி விதிமுறையில் சேர்த்துக்கொண்டன. 1982 அக்டோபரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த சோனி சிடிபி-101 கருவி தொடங்கி எல்லா சிடி பிளேயருக்கும் இதே கணக்குதான்.

இந்தக் கணக்கில் நான்கு நிமிடப் பாட்டு ஒன்று ஏறக்குறைய 42 மெகாபைட் இடம் பிடிக்கும். அதே பாட்டு 128 கிலோபிட் எம்பி3 கோப்பாக இருந்தால் 4 மெகாபைட்டுக்கும் குறைவு. ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வகத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் உள்ளிட்டோர் உருவாக்கிய இந்த முறை, காதின் ஒரு பலவீனத்தைப் பயன்படுத்திக்கொள்கிறது. பலத்த ஒலி ஒன்று எழும்போது அதை ஒட்டிய மெல்லிய ஒலிகள் நமக்குக் கேட்பதில்லை. தவில் அதிரும் கணத்தில் தம்பூராவின் இழையைக் காது தவறவிடுகிறது. கேட்காத பகுதிக்கு எதற்கு இடம் என்று எம்பி3 அதைக் குறைத்துவிடுகிறது அல்லது நீக்கிவிடுகிறது. பேச்சுக்கும் மென்மையான பாட்டுக்கும் இது நன்றாகவே பொருந்தும். திடீரென்று வெட்டி எழும் ஒலிகளில்தான் தடுமாறும். ஜால்ரா, கைதட்டல், உறுமியோடு சேர்ந்து வரும் கூர்மையான தட்டு இவையெல்லாம் குறைந்த அளவு எம்பி3-யில் மழுங்கிப்போகும். அடிக்கு ஒரு கணம் முன்பே மெல்லிய இரைச்சல் கேட்கும்.

இங்கேதான் பலரும் குழம்பினார்கள். எம்பி3 கோப்புகளை வெறும் கோப்புகளாகவே தட்டில் எழுதினால் அது டேட்டா சிடி. 700 மெகாபைட்டில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் பாட்டு அடங்கும், ஆனால் எம்பி3 தெரிந்த பிளேயரில்தான் பாடும். பழைய பிளேயரிலும் பாட வேண்டுமென்றால் ஆடியோ சிடியாக மாற்ற வேண்டும். நீரோ போன்ற மென்பொருள் ஒவ்வொரு எம்பி3-யையும் விரித்து, நொடிக்கு 44,100 அளவுகளாக்கி எழுதும். அப்போது 80 நிமிடம்தான் அடங்கும். விரித்ததால் ஒலி உயர்ந்துவிடாது; எம்பி3 ஒருமுறை வெட்டி எறிந்தது திரும்பி வரவே வராது. அந்த ஆடியோ சிடியை இன்னொருவர் மீண்டும் எம்பி3 ஆக்கினால், ஏற்கெனவே வெட்டியதன் மேல் இன்னொரு வெட்டு விழும். கைமாறிக் கைமாறி வந்த திருவிழாப் பதிவுகள் சில, தகரப் பெட்டிக்குள்ளிருந்து வருவதுபோல் ஒலிப்பதற்கு ஒலிவாங்கி மட்டும் காரணமல்ல.

இனி தட்டுக்கு வருவோம். யோகி பி & நட்சத்ராவின் ‘வல்லவன்’ (2006) போன்ற கடை ஆல்பங்கள் ஆலையில் அச்சிடப்படுபவை. அச்சு ஒன்றின் மேல் உருகிய பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கை அழுத்தி, நுண்ணிய குழிகளைப் பதித்து, அதன் மேல் அலுமினியம் பூசுகிறார்கள். குழிகள் பிளாஸ்டிக்கிலேயே வடிவாக நிற்கின்றன. இத்தகைய ஆலைகளுக்கு உரிமமும், தட்டில் தயாரிப்பாளர் குறியீடும் கட்டாயம் என்று மலேசியா 2000-ல் ஒளியியல் தட்டுச் சட்டம் கொண்டுவந்தது.

வீட்டில் பர்ன் செய்யும் சிடியில் குழியே கிடையாது. 1988-ல் ஜப்பானின் தையோ யூடன் நிறுவனம் முதன்முதலில் உருவாக்கிக் காட்டிய இந்தத் தட்டில், பிளாஸ்டிக்குக்கும் வெள்ளிப் பூச்சுக்கும் நடுவே ஒரு சாயப் படலம் இருக்கிறது. கரும் நீலமாகத் தெரிந்தால் அசோ சாயம். நீலப் பச்சையாக இருந்தால் பெரும்பாலும் சயனின். ஏறக்குறைய நிறமே தெரியாவிட்டால் தாலோசயனின். நடுவிலிருந்து விளிம்பு நோக்கிச் சுருளாகச் செல்லும் ஒரே பள்ளம் முன்கூட்டியே பதிக்கப்பட்டிருக்கும். ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடைவெளி 1.6 மைக்ரோமீட்டர். பிரித்து நீட்டினால் ஐந்து கிலோமீட்டருக்கு மேல் வரும். கண்ணுக்குத் தெரியாத 780 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசர் அந்தப் பள்ளத்தின் வழியே போய், தேவையான இடத்தில் மட்டும் சக்தியை உயர்த்துகிறது. அந்தப் புள்ளியில் வெப்பம் சட்டென்று ஏறிச் சாயம் சிதைகிறது. சிதைந்த இடம் ஒளியைக் குறைவாகத் திருப்பி அனுப்புகிறது. படிக்கும்போது அதே லேசர் மிகக் குறைந்த சக்தியில் ஓடி, பளிச்சிடும் இடத்திலிருந்து மங்கிய இடத்துக்கு எப்போது மாறுகிறது என்று கவனிக்கிறது. அந்த மாற்றங்களுக்கு இடையிலுள்ள தூரத்தில்தான் பாட்டு இருக்கிறது.

மிகச் சிறிய குறியின் நீளம் 0.83 மைக்ரோமீட்டர், மிகப் பெரியது ஏறக்குறைய 3 மைக்ரோமீட்டர். ஒன்பது வெவ்வேறு நீளங்களைக் கருவி பிரித்தறிய வேண்டும். குறியின் விளிம்பு சற்றே மங்கினாலும் நீளம் தவறாகப் படிக்கப்படும். 52 மடங்கு வேகத்தில் அவசரமாக எழுதிய தட்டுகள் சில பிளேயர்களில் திக்கித் திணறியதன் காரணம் பெரும்பாலும் இதுதான்.

எழுதும் முறையிலும் ஒரு கண்ணி இருந்தது. ஒவ்வொரு பாட்டாக லேசரை நிறுத்தி நிறுத்தி எழுதினால் பாட்டுகளுக்கு இடையே இரண்டு நொடி மௌனம் விழும். தனித்தனிப் பாட்டுகளுக்குக் குறையில்லை. தொடர்ச்சியாக அடித்த உறுமி மேளத்தையோ காவடி ஊர்வலத்தையோ துண்டுகளாக்கிப் போட்டால், உச்சம் ஏறும் இடத்தில் மேளம் அறுந்துபோகும். முழுத் தட்டையும் ஒரே மூச்சில் எழுதும் முறையைத் தேர்ந்திருந்தால் அது நேர்ந்திருக்காது.

இவ்வளவு நுண்ணிய எழுத்து கீறலையும் தூசியையும் தாங்குவதற்குக் காரணம் இரண்டு. முதலாவது ஒளியியல். லேசர் தட்டின் அடிப்பரப்பில் நுழையும்போது முக்கால் மில்லிமீட்டர் அகலத்தில் விரிந்திருக்கிறது, 1.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக்கைக் கடந்த பிறகே குறிகளின் மேல் குவிகிறது. அதனால் அடிப்பரப்பின் சிறு கீறல் அதன் பார்வையில் மங்கலாகப் போய்விடும். இரண்டாவது கணிதம். இர்விங் ரீடும் குஸ்தாவ் சாலமனும் 1960-ல் வெளியிட்ட பிழைதிருத்த முறையில், பாட்டின் எண்களோடு உபரி எண்களும் சேர்த்து எழுதப்படுகின்றன. அடுத்தடுத்த எண்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைப்பதும் இல்லை. ஒரு குடும்பத்தை ஒரே பஸ்ஸில் ஏற்றாமல் பல பஸ்களில் பிரித்து அனுப்புவது போலத் தட்டின் நீளத்தில் பரப்பி வைக்கிறார்கள். இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் குறிகள் தொடர்ச்சியாக அழிந்தாலும், எஞ்சியவற்றிலிருந்து விடுபட்டதைப் பிழையின்றிக் கணக்கிட்டுவிடலாம். இன்று ஜொகூர் பாரு கடைகளில் காசு கட்ட ஸ்கேன் செய்யும் கியூஆர் குறி அழுக்குப் படிந்தும் வேலை செய்வது இதே ரீட்–சாலமன் கணிதத்தால்தான். மனிதர் கண்டுபிடித்தவற்றில் இதைவிடப் பணிவாக உழைக்கும் கணிதத்தை நான் அறிந்ததில்லை.

ஆனால் அந்தப் பணிவில் ஓர் ஆபத்தும் உண்டு. சாயம் மெல்ல மெல்ல மங்கும்போது பிழைகள் பெருகிக்கொண்டே போகும்; பிளேயர் சத்தமின்றித் திருத்திக்கொண்டே இருக்கும்; கேட்பவருக்கு எந்த வேறுபாடும் தெரியாது. திருத்தும் எல்லையைத் தாண்டிய பிறகு ஆடியோ சிடி அண்டை எண்களைப் பார்த்து உத்தேசமாக நிரப்பும். அதுவும் முடியாதபோதுதான் கிளிக் கிளிக் என்ற சத்தமும் தாவலும் தொடங்கும். நமக்குக் கேட்கும் முதல் அறிகுறி, நோய் முற்றிய பிறகு வருவது.

ஜொகூர் அந்த நோயை விரைவுபடுத்தும் ஊர். நிலநடுக்கோட்டுக்கு ஒன்றரை டிகிரி வடக்கே இருக்கிறது ஜொகூர் பாரு. ஆண்டு முழுவதும் வெக்கை, காற்றில் எப்போதும் ஈரம். அமெரிக்காவின் தேசியத் தர, தொழில்நுட்ப நிறுவனம் 2003-ல் வெளியிட்ட வழிகாட்டி, தட்டுகளை 4 முதல் 20 டிகிரி செல்சியஸிலும், 20 முதல் 50 விழுக்காடு ஈரப்பதத்திலும் வைக்கச் சொல்கிறது. நம் வீட்டு அலமாரி எதுவும் அந்த வரம்புக்குள் வராது. ஈரம் பிளாஸ்டிக்கின் வழியாகவும் விளிம்பின் வழியாகவும் ஊடுருவி வெள்ளிப் பூச்சைக் கறுக்கவைக்கும். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் சாயத்தைச் சிதைக்கும்; சயனின் சாயத்துக்கு இது பெரும் எதிரி. நண்பகல் வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டில் கிடக்கும் சிடிக்கு வெப்பமும் கதிரும் சேர்ந்தே கிடைக்கின்றன.

பூஞ்சையும் உண்டு. மத்திய அமெரிக்காவின் பெலீஸ் நாட்டிலிருந்து வந்த பழுதான சிடி ஒன்றை மாட்ரிட்டின் தேசிய இயற்கை அறிவியல் அருங்காட்சியக ஆய்வாளர்கள் நுண்ணோக்கியில் பார்த்தபோது, ஜியோட்ரிக்கம் வகைப் பூஞ்சை விளிம்பின் வழியே உள்ளே புகுந்து உலோகப் படலத்தையும் பிளாஸ்டிக்கையும் அரித்திருந்தது. 2001-ல் வெளிவந்த செய்தி அது. பெலீஸின் வெப்பமும் ஈரமும் நமக்கு அன்னியமானவை அல்ல.

சிடியின் அடிப்பக்கத்தைக் கண்போல் காப்பவர்கள் மேற்பக்கத்தைக் கவனிப்பதில்லை. உண்மையில் சாயமும் வெள்ளியும் இருப்பது பெயர் எழுதும் பக்கத்தில்தான். அதை மூடியிருக்கும் வார்னிஷ் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவே தடிமன். அங்கே பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் நேராகப் பாட்டின் மேலேயே எழுதுகிறோம். ஒட்டிய லேபிளைப் பிய்த்தால் வெள்ளியும் சேர்ந்து உரியும். அடியில் விழுந்த கீறலைத் தேய்த்துச் சரிசெய்ய வழியுண்டு. மேலே உரிந்ததற்கு எந்த வைத்தியமும் கிடையாது.

2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி, சிகாமட் பகுதிகளை மூழ்கடித்த வெள்ளத்தில் வீட்டுப் பொருள்களோடு இத்தகைய தட்டுகளும் சேற்றில் கிடந்தன. சேறு படிந்த சிடியைத் துணியால் துடைப்பதே பெரிய தவறு, மணல் கீறிவிடும். சுத்தமான தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்து, மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்தால் கீறல் சுருளின் வழியே ஓடும். அவ்வளவு நீளத்துக்குத் தொடர்ச்சியாக அழிந்த குறிகளைத் திருத்துவது ரீட்–சாலமன் கணிதத்துக்கும் எல்லை மீறிய வேலையாகிவிடும்.

இருபது வயதைத் தொட்ட தட்டுகளை இனி அலமாரியில் பாதுகாப்பதைவிட, உள்ளே இருப்பதை வெளியே எடுத்துவிடுவதே செய்ய வேண்டிய வேலை. டேட்டா சிடியில் கோப்புகளை அப்படியே நகல் எடுத்தால் போதும். படிக்க முடியாத இடத்தில் கணினி தானே பிழை என்று சொல்லிவிடும். ஆடியோ சிடி அப்படிச் சொல்லாது. டேட்டா சிடியில் இருக்கும் கூடுதல் பிழைதிருத்த அடுக்கு அதில் இல்லை. அதனால் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி போல, ஒரே இடத்தைப் பலமுறை படித்து ஒப்பிட்டுப் பார்க்கும் மென்பொருள் தேவை. நேரம் பிடிக்கும், பொறுக்கத்தான் வேண்டும். ஒரு டிரைவ் படிக்க மறுத்த தட்டை இன்னொரு டிரைவ் படித்துவிடுவது வழக்கமான அனுபவம். சிடி டிரைவ் இல்லாத மடிக்கணினிக்கு யூஎஸ்பியில் செருகும் டிரைவ் கிடைக்கிறது.

எடுத்ததை மீண்டும் எம்பி3 ஆக்கக் கூடாது. ஜோஷ் கோல்சன் உருவாக்கி 2001-ல் வெளிவந்த ஃபிளாக் முறை, ஓர் எண்ணையும் இழக்காமல் ஏறக்குறையப் பாதி அளவுக்குச் சுருக்கும். விரித்தால் சிடியில் இருந்தது அப்படியே வரும். கேட்பதற்கு அதிலிருந்து ஓர் எம்பி3 பிரதி போட்டுக்கொள்ளலாம். ஃபிளாக் கோப்பை இரண்டு வெவ்வேறு வன்தட்டுகளில், முடிந்தால் இரண்டு வெவ்வேறு வீடுகளில் வைக்க வேண்டும். சமையலறை ஓரம், ஜன்னல் பக்கம், கார் என்று இருந்த தட்டுகளை முதலில் எடுங்கள். அவற்றிலும் வீட்டார் குரலும் ஊர்க் குழுக்களின் மேளமும் உள்ளவை முந்தட்டும், படப்பாட்டுத் தொகுப்புகள் பொறுத்திருக்கட்டும். கோப்போடு சேர்ந்தே விவரம் எழுதவும் இடமிருக்கிறது, தமிழிலேயே எழுதலாம். பாடியவர் யார், எந்தத் தோட்டம், எந்த ஆண்டுத் திருவிழா, உறுமியைப் பிடித்திருந்தவர் யார் என்பதையெல்லாம், சொல்லத் தெரிந்த பெரியவர்கள் வீட்டில் இருக்கும்போதே கேட்டு அங்கே பதிந்துவிடுங்கள்.