கண்ணாடியும் கைத்துணையும்

பொதிகை மலையில் தோன்றி நெல்லைச் சீமையை வளப்படுத்தும் தாமிரபரணி ஆறு, தன் கடைசி அணைக்கட்டாகிய ஸ்ரீவைகுண்டத்தைக் கடந்தபின், கடலைச் சேருமுன்னர் ஏரலைத் தொட்டுச் செல்கிறது. வாழையும் நெல்லும் செழிக்கும் அவ்வாற்றங்கரையில் ஏரல் ஒரு வாணிக ஊராக விளங்குகிறது. 2023-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 17, 18 ஆகிய நாள்களில் அப்பகுதியில் பெருமழை கொட்டியது. அண்மையிலுள்ள காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. ஆறு கரைபுரண்டது. ஏரலின் கடைவீதிகளிலும் வீடுகளிலும் வெள்ளம் புகுந்தது. சாலைகள் அறுந்தன, ஊர் வெளியுலகத் தொடர்பை இழந்தது.

வெள்ளம் பரந்து நிற்கும்போது கண்ணுக்குத் தெரிவது நீர்ப்பரப்பு ஒன்றே. சாலை எது, வாய்க்கால் எது, வயல் எது, கிணறு எது என்று வெளியூரிலிருந்து உதவ வருவோர் அறியார். அவ்வூரிலே பிறந்து வளர்ந்தவர் மட்டும், “இங்கே வரப்பு, அதற்கு அப்பால் வாய்க்கால், இந்தப் பனைமரத்தை ஒட்டிச் சென்றால் பாதை” என்று கூற வல்லவர். அவருடைய கண் நீரைக் காண்கிறது. அவருடைய நினைவு நீரின் அடியிலுள்ள நிலத்தைக் காண்கிறது. இவ்விரண்டு காட்சிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திக் காட்டும் ஆற்றலை ஒரு கருவிக்கு அளிக்க இயலுமா? இயலும் என்பதே இக்கால அறிவியல் தரும் விடை.

அக்கலையை ஆங்கிலத்தில் ‘ஆக்மென்டட் ரியாலிட்டி’ என வழங்குவர். தமிழில் ‘மிகை மெய்ம்மை’ என்பர். மெய்யாக உள்ள காட்சியின்மேல் மிகையாக வேறொரு காட்சியைச் சேர்ப்பதால் அதற்கு அப்பெயர் பொருந்துகிறது. ‘மெய்ந்நிகர்’ காட்சி என்பது வேறு. மெய்ந்நிகர்க் கருவி கண்களை முற்றிலும் மூடிப் புதியதோர் உலகைக் காட்டும். மிகை மெய்ம்மைக் கண்ணாடியோ எதிரே உள்ள உலகை மறைப்பதில்லை. அவ்வுலகின்மேல் ஒரு பெயரையோ, ஒரு கோட்டையோ, ஓர் அம்புக்குறியையோ ஒளியால் எழுதிக் காட்டுகிறது.

அறிவியலை எளிய தமிழில் எழுத முடியும் என்று நிலைநாட்டிய பெ. நா. அப்புசுவாமி (1891–1986) பிறந்த பெருங்குளம் ஏரலுக்கு அண்மையிலேயே உள்ளது. அவர் வாழ்ந்த காலத்திலேயே இக்கலைக்கு வித்து ஊன்றப்பட்டது. 1968-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் ஐவன் சதர்லாந்து, தலையில் அணியும் காட்சிக் கருவி ஒன்றை உருவாக்கி உலகிற்கு அறிவித்தார். அதனை அணிந்தவர் தாம் இருக்கும் அறையையும் கண்டார்; அவ்வறையின் நடுவே ஒளிக்கோடுகளால் ஆன ஓர் உருவம் மிதப்பதையும் கண்டார். ஆனால் தலை எப்பக்கம் திரும்புகிறது என்று அளப்பதற்காக, கூரையிலிருந்து தொங்கும் ஓர் இயந்திரக் கையோடு அக்கருவி பிணைக்கப்பட்டிருந்தது. அணிந்தவர் அறையை விட்டு அகல முடியாது.

கூரையிலிருந்து விடுதலை பெறச் சில பத்தாண்டுகள் ஆயின. 1990-ஆம் ஆண்டையொட்டிப் போயிங் விமானத் தொழிலகத்தைச் சேர்ந்த டாம் காடெல் என்பார், விமானத்தின் மின்கம்பிகளைப் பிழையின்றி இணைக்கத் தொழிலாளர்க்கு உதவும் வழியை ஆராய்ந்தார். ‘ஆக்மென்டட் ரியாலிட்டி’ என்ற பெயர் அப்போதுதான் பிறந்தது. 1997-இல் நியூயார்க்கிலுள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் ஃபைனரும் அவருடைய தோழர்களும், நடந்துகொண்டே பயன்படுத்தும் அமைப்பொன்றைச் செய்தனர். அதில் கணிப்பொறி முதுகுப்பையில் இருந்தது; காட்சிக் கண்ணாடி தலையில் இருந்தது; எழுதுகோல் கொண்டு தொடும் சிறு திரை ஒன்று கையில் இருந்தது. பல்கலைக்கழகக் கட்டடத்தை நோக்கினால் அதன் பெயர் கண்ணாடியில் தோன்றும். அதனைப் பற்றிய விரிவான செய்திகளைக் கையிலுள்ள திரையில் படிக்கலாம். கண்ணாடிக்கு ஒரு கைத்துணை வேண்டும் என்ற கருத்து இவ்வாறு உருப்பெற்றது.

கண்ணாடி ஒன்றிலேயே எல்லாவற்றையும் அடக்கிவிடலாகாதா என்ற ஐயம் எழலாம். அதற்குத் தடையாக நிற்பவை எடை, வெப்பம், மின்சாரம் ஆகிய மூன்றுமாம்.

வழக்கமான மூக்குக்கண்ணாடி ஏறத்தாழ 20 முதல் 30 கிராம் எடையுள்ளது. அதைவிடப் பன்மடங்கு எடையை மூக்கும் காதும் நெடுநேரம் தாங்கமாட்டா. கணிப்பொறி கடுமையாக உழைத்தால் வெப்பம் பிறக்கும்; நெற்றிப்பொட்டின் அருகே சூடேறும் கருவியை ஒருவரும் அணிய விரும்பார். நெடுநேரம் உழைக்கப் பெரிய மின்கலம் வேண்டும்; பெரிய மின்கலம் எடையைக் கூட்டும். ஆகவே ஒரு குறையை நீக்கப் புகுந்தால் மற்றொரு குறை வளர்கிறது.

கருவி செய்யும் வேலையோ சிறிதன்று. கண்ணாடியிலுள்ள சிறு ஒளிப்படக் கருவிகள் சுற்றுப்புறத்தை ஓயாமல் நோக்குகின்றன. தலையின் அசைவை உணரும் நுண்பொறிகள் அது திரும்பும் திசையையும் விரைவையும் அளக்கின்றன. அவ்வளவுகளைக் கொண்டு கணிப்பொறி, அணிந்தவர் எங்கே நிற்கிறார், எதை நோக்குகிறார் என்று கணக்கிடுகிறது. பின்னர் இரு கண்களுக்கும் தனித்தனியே படம் வரைகிறது. விநாடிக்கு அறுபது முறைக்குமேல் இவ்வேலை நிகழ வேண்டும். சற்றே தாமதம் நேர்ந்தாலும் தலை திரும்பிய பின்னர்ப் படம் திரும்பும். அப்போது சாலையின்மேல் நிற்க வேண்டிய கோடு பக்கத்து மதிலின்மேல் வழுக்கும். காண்பவருக்குத் தலை சுற்றும்.

இவ்விடர்ப்பாட்டிற்குப் பொறியியலார் கண்ட வழி, சுமையைப் பங்கிடுவதாகும். பனையேறும் தொழிலாளி தம் அரிவாளைப் பெட்டியிலிட்டு இடுப்பில் கட்டிக்கொள்கிறார். மரத்தைப் பற்றும் கைகளுக்கு அச்சுமையை அளிப்பதில்லை. அதுபோலவே, காண்பதற்கு வேண்டியவற்றை மட்டும் கண்ணாடியில் வைத்து, கணக்கிடும் பொறியையும் பெரிய மின்கலத்தையும் கையிலோ இடுப்பிலோ சட்டைப்பையிலோ உள்ள துணைக்கருவியில் வைத்தனர். 2018-இல் வெளிவந்த ‘மேஜிக் லீப் ஒன்’ என்னும் கருவியில் கணிப்பொறி இடுப்பருகே தங்கியது. கையில் பிடிக்கும் இயக்குகோல் தனியே இருந்தது. நம் நாட்டில் 2020-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ரிலையன்ஸ் நிறுவனம் அறிவித்த ‘ஜியோ கிளாஸ்’ 75 கிராம் எடையுள்ளது. அது கம்பியினால் கைப்பேசியோடு இணைந்து இயங்குமாறு அமைக்கப்பட்டது. 2024-இல் மெட்டா நிறுவனம் காட்டிய ‘ஓரியன்’ என்னும் மாதிரிக் கண்ணாடியின் எடை ஏறத்தாழ 98 கிராம். அதன் கணிப்பொறி கம்பியின்றியே சட்டைப்பையிலிருந்து தொண்டாற்றியது. மணிக்கட்டில் அணிந்த பட்டை ஒன்று தசைகளின் அசைவை உணர்ந்து கட்டளைகளைத் தெரிவித்தது.

கைத்துணை சுமை தாங்குவதோடு நிற்பதில்லை. அணிந்தவரின் எண்ணத்தைக் கண்ணாடிக்கு அறிவிப்பதும் அதன் கடமையே. காற்றில் விரலை நீட்டிக் கட்டளையிடும் முறையும் உண்டு. ஆயினும் நீட்டிய கை விரைவில் ஓய்ந்துவிடும். மங்கலான ஒளியில் விரலின் அசைவைக் கருவி தவறாகவும் உணரக்கூடும். கைத்துணையோ தொடையின்மேல் தங்கியவாறே பணிசெய்யும். அதனைச் சிறிது அசைத்தால் கண்ணெதிரே ஓர் ஒளிக்கதிர் அசைகிறது. வேண்டிய பொருளின்மேல் கதிர் படும்போது பொத்தானை அழுத்தினால் அது தேர்ந்தெடுக்கப்படுகிறது. கட்டளை ஏற்கப்பட்டதைச் சிறு அதிர்வினால் கைத்துணை கைக்கு உணர்த்தும். பொத்தான்களை விரல் தடவியே அறிவதால் கண் குனிய வேண்டுவதில்லை.

இவற்றைப் பயன்படுத்துவதற்குச் சில ஒழுங்குகள் உண்டு. முதலில் இரு கருவிகளின் மின்கலங்களிலும் போதிய மின்சாரம் இருக்கிறதா என்று நோக்க வேண்டும். கண்ணாடியை மென்துணியால் துடைத்து, கைத்துணையோடு இணைக்க வேண்டும். அணிந்தவுடன் நடந்துவிடலாகாது, ஓரிடத்தில் நின்று தலையை மெல்லத் திருப்பி, சுற்றுப்புறத்தைக் கருவி அறிந்துகொள்ளச் செய்தல் வேண்டும். கையிலுள்ள கருவி காட்டும் கதிர் நாளடைவில் ஒருபுறம் விலகுவதுண்டு. அதற்கென அமைந்த பொத்தானை அழுத்திப் பிடித்தால் கதிர் மீண்டும் நேர்முன்னே வந்து நிற்கும். கம்பியால் இணைந்த கருவியாயின், கம்பி கிளையிலோ கதவிலோ சிக்காதவாறு ஆடையின் உட்புறமாக விடுதல் நலம்.

கண்ணாடியின் எல்லையையும் அறிந்திருத்தல் வேண்டும். அது எதிர்க்காட்சியின்மேல் ஒளியைச் சேர்க்குமேயன்றி, உள்ள ஒளியைக் குறைத்து வரைய வல்லதன்று. ஆதலால் கருநிறத்தை அதனால் வரைய இயலாது; கருமையாக இருக்க வேண்டிய இடம் தெளிவாகவே ஊடுருவித் தெரியும். உச்சி வெயிலில் அதன் கோடுகள் மங்கிப்போகும். மழைத்துளிகள் படிந்தால் காட்சி சிதறும்.

இனி, ஏரலின் வெள்ளத்தை மீண்டும் எண்ணிப் பார்க்கலாம். படகில் வரும் மீட்புப் பணியாளர் ஒருவர் இத்தகைய கண்ணாடியை அணிந்திருப்பதாகக் கொள்வோம். அவர் ஒரு கையால் படகின் விளிம்பைப் பற்றியிருக்கிறார். கைத்துணை மறுகையில் இருக்கிறது. நீர்ப்பரப்பின்மேல் சாலையின் வடிவம் மஞ்சள் கோடாகத் தோன்றுகிறது; வாய்க்கால் நீலக்கோடாகத் தோன்றுகிறது. குனிந்து வரைபடத்தைப் பார்க்க வேண்டிய தேவை அவருக்கு இல்லை. வெள்ளக் காலத்தில் மின்சாரம் நின்று, கைப்பேசிக் கோபுரங்களும் செயலிழக்கும். எனவே வரைபடம் முன்னரே கைத்துணையில் சேமிக்கப்பட்டிருத்தல் இன்றியமையாதது. தொலைவிலுள்ள கணிப்பொறியை நம்பிய கருவி அவ்வேளையில் வெறுங்கண்ணாடியாகிவிடும்.

ஆயினும் அந்த மஞ்சள் கோட்டை எவ்வளவு நம்பலாம்? செயற்கைக்கோள்களைக் கொண்டு இடமறியும் கைப்பேசி, திறந்த வெளியிலும் ஏறத்தாழ 5 மீட்டர் அளவு பிழைபடக்கூடும். சிற்றூர்ச் சாலையின் அகலமே அவ்வளவுதான். கோடு ஐந்து மீட்டர் விலகினால், சாலை என்று எண்ணிக் கால் வைத்தவர் வாய்க்காலில் விழுவார்.

அதனினும் பெரிய இடையூறு ஒன்று உண்டு. வரைபடம் வெள்ளத்திற்கு முன் வரையப்பட்டது. வெள்ளமோ நிலத்தையே மாற்றிவிடுகிறது. அந்த டிசம்பர் 17-ஆம் நாள் இரவு, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட விரைவு இரயில் ஏறத்தாழ 800 பயணிகளுடன் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நிறுத்தப்பட்டது. அதற்கும் செய்துங்கநல்லூருக்கும் இடையே தண்டவாளத்தின் அடியிலிருந்த சரளைக்கற்களை வெள்ளம் அரித்துச் சென்றிருந்தது; தண்டவாளங்கள் அந்தரத்தில் தொங்கின. வரைபடத்தில் அப்பாதை அப்போதும் முழுமையாகவே இருந்தது. வரைபடத்தை மட்டும் நம்பி வண்டியைச் செலுத்தியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. நிலைமையை அறிந்து வண்டியை நிறுத்தியதால் உயிர்கள் காக்கப்பட்டன.

கண்ணாடியின் கோடு நேற்றிருந்த சாலையைக் காட்டும். இன்று அது இருக்கிறதா என்பதைக் காட்டாது. மங்கலாக வரையப்பட்ட தாள் படத்தை மனிதர் ஐயுற்று நோக்குவர். ஆனால் கண்ணெதிரே நிலத்தோடு ஒட்டி ஒளிரும் கோட்டை ஐயுறுவது அரிது. அது நிலத்தின் ஒரு பகுதியாகவே தோன்றும். காட்சி எவ்வளவு தெளிவாக இருக்கிறதோ, அதனைச் சோதிக்க வேண்டிய கடமையும் அவ்வளவு மிகுதி. ஆகவே கண்ணாடி அணிந்த பணியாளர் கையில் கழி ஒன்றும் இருத்தல் வேண்டும். அதனை ஊன்றி ஆழம் பார்த்த பின்னரே அடியெடுத்து வைத்தல் வேண்டும். படகில் அவ்வூர்க்காரர் ஒருவரும் உடனிருத்தல் வேண்டும். “அந்த இடத்தில் நேற்றே கரை உடைந்துவிட்டது, ஐயா, அவ்வழி வேண்டா” என்று அவர் சொல்லும் ஒரு சொல், ஒளிக்கோட்டினும் பெறுமதியுடையது. அச்செய்தியைக் கைத்துணையில் உடனே பதிவு செய்தால், அடுத்து வரும் படகிலுள்ளவரின் கண்ணாடியில் அவ்விடம் சிவப்பாகத் தோன்றும்படி அமைக்கலாம். இவ்வாறு ஊரார் அறிவு கருவிக்குத் துணையாகும். கருவி அவ்வறிவைப் பலருக்கும் கொண்டு சேர்க்கும்.

ஒருவர் சுமையை மற்றொருவர் தாங்கினால் வேலை எளிதாகும் என்பது உழவரும் மீனவரும் நன்கறிந்த உண்மை. கண்ணாடி காட்டுகிறது, கைத்துணை கணக்கிடுகிறது, சுமக்கிறது, கட்டளைகளை ஏற்கிறது. இவ்விரண்டினுக்கும் பங்கிட்டுக் கொடுக்க முடியாத வேலை ஒன்று எஞ்சி நிற்கிறது. காட்டப்பட்டது மெய்யா என்று ஆராய்ந்து துணிவதே அது. அவ்வேலை கருவியை அணிந்த மனிதருக்கே உரியது.