கடை திறந்திருக்கையில் சுவரை இடிக்கலாமா?

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, இணையத்தில் சேலை விற்கும் ஒருவர் தன் வேர்ட்பிரஸ் தளத்துக்குப் புதுத் தீம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து நேராக 'ஆக்டிவேட்' அழுத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். மேலே இருந்த மெனு காணோம். வாட்ஸ்அப் எண் இருந்த பக்கப்பட்டை காலி. அந்த நேரத்தில் சேலை பார்க்க வந்தவர்களுக்கும் இதே அலங்கோலம்தான் கண்ணில் படும்.

உண்மையில் எதுவும் அழிந்துபோகவில்லை. மெனு எந்த இடத்தில் வர வேண்டும் என்பதைத் தீம்தான் வைத்திருக்கிறது. புதுத் தீமில் அந்த இடத்தை மறுபடி காட்ட வேண்டும். விட்ஜெட்டுகள் 'செயலற்றவை' பட்டியலில் ஒதுங்கிக் கிடக்கும். பழைய தீமின் கோப்புக்குள் யாராவது நேரடியாக எழுதிவைத்த நிரல் உடன் வராது. பதற்றத்தில் பழைய தீமை அழித்துவிடுவதுதான் பெரிய தவறு. அது இருக்கும்வரை, திரும்பிப் போக ஒரே ஒரு சொடுக்கு போதும்.

இத்தனைக்கும் முன்னோட்ட வசதி இலவசமாகவே கிடைக்கிறது. 2012-இல் வந்த வேர்ட்பிரஸ் 3.4 பதிப்பிலேயே, வெளியில் யாருக்கும் தெரியாமல் மாற்றங்களைப் பார்க்க முடிந்தது. 2017-இன் 4.9 பதிப்பு, மாற்றத்தை வரைவாக வைக்கவும், குறித்த நேரத்தில் வெளியிடவும், இணைப்பு அனுப்பி மற்றவரிடம் கருத்துக் கேட்கவும் வழி தந்தது. பக்கம் முழுதும் 'பிளாக்' எனும் துண்டுகளால் அமையும் பிளாக் தீம்களை ஆக்டிவேட் செய்யாமல் பார்க்கும் வசதி 2023-இல் 6.3-உடன் வந்தது. ஆனால் நடப்பில் உள்ள பிளாக் தீமின் டெம்ப்ளேட்டைத் திருத்தி 'சேமி' அழுத்தினால், அது அந்தக் கணமே ஊர் பார்க்கும் பக்கமாகிவிடும். அங்கே சேமிப்பு ஒத்திகை அல்ல.

முன்னோட்டத்தில் தமிழ்த் தளங்கள் தனியாகக் கவனிக்க வேண்டியவை உண்டு. பல தீம்கள் ஆங்கிலத்தை மனதில் வைத்தே வடிவமைக்கப்பட்டவை. வரி இடைவெளி குறைவாக இருந்தால் 'கீ'யின் மேற்சுழி மேல்வரியில் இடிக்கும்; தலைப்பில் எழுத்து இடைவெளி கூட்டியிருந்தால் சொல் சிதறியதுபோல் தெரியும். சிறிய ஆங்கிலச் சொல்லுக்கு அளவெடுத்த பொத்தானில் 'தொடர்புகொள்ளுங்கள்' என்று போட்டால், போன் திரையில் பிதுங்கி வெளியே நிற்கும். டெமோவில் அழகாக இருந்ததெல்லாம் இந்த இடத்தில்தான் பல்லிளிக்கும்.

முன்னோட்டம் காட்டுவது முகத்தை மட்டும். ஆர்டர் போகிறதா, பணம் ஏறுகிறதா என்று சோதிக்கத் தளத்தின் நகல் ஒன்று வேண்டும், 'ஸ்டேஜிங்' என்பார்கள். பல ஹோஸ்டிங் நிறுவனங்கள் இதைத் தருகின்றன. அந்த நகலில் வாடிக்கையாளரின் முகவரியும் போன் எண்ணும் அப்படியே இருக்கும். கடவுச்சொல் போடாமல் விட்டால் கூகுள் தேடலில்கூட வரலாம். படிப்படியாக நடைமுறைக்கு வரும் இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அத்தகவலைக் காக்கும் பொறுப்பை அதைக் கையாள்பவர்மேல் வைக்கிறது. நகலிலிருந்து நிஜ வாடிக்கையாளருக்கு மின்னஞ்சல் பறக்காதபடியும் தடுத்துவைக்க வேண்டும்.

காசு கொடுத்து வாங்க வேண்டிய தீம் 'இலவசமாக' எங்காவது கிடைத்தால் தொடாமல் இருப்பது நல்லது. அப்படிப் பரவியதுதான் டபிள்யூபி-விசிடி என்ற தீநிரல். அசல் விற்பனையாளர் தளத்திலிருந்தே தீநிரல் வந்ததும் உண்டு. ஆக்சஸ்பிரஸ் தீம்ஸ் நிறுவனத்தின் தளத்தில் 2021 செப்டம்பரில் ஊடுருவிய யாரோ 40 தீம்களிலும் 53 பிளகின்களிலும் பின்கதவு வைத்ததை, 2022 ஜனவரியில் ஜெட்பேக் என்ற வேர்ட்பிரஸ் பிளகினை உருவாக்கும் குழு வெளிப்படுத்தியது.

தீம் மாற்றித் தரப் பணம் வாங்கிய டிசைனர் வேலையைப் பாதியில் விட்டால்? வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் பொதுவாக நுகர்வோர் ஆகமாட்டார். ஆனால் சுயதொழிலால் பிழைப்பதற்காக மட்டுமே வாங்கிய பொருளுக்கு இந்தியாவின் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் விலக்குத் தருகிறது; டிசைனர் வேலை போன்ற சேவைக்கு அது பொருந்தும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. எப்படியும், நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் சொல்லிப் பார்க்கலாம். ரசீதும் வாட்ஸ்அப் பேச்சும் கையில் இருக்கட்டும்.

தளமே முடங்கிப்போனாலும் ஒரு வழி இருக்கிறது. 2019-இன் 5.2 பதிப்பிலிருந்து, தீம் கோளாறால் தளம் நின்றால், உள்ளே நுழைந்து சரிசெய்ய ஓர் இணைப்பை வேர்ட்பிரஸ் நிர்வாகிக்கு மின்னஞ்சலில் அனுப்புகிறது. பல கடைகளில் அந்த நிர்வாகி முகவரி, என்றோ தளத்தை அமைத்துக் கொடுத்துவிட்டுப் போன டிசைனருடையது. 'அமைப்புகள்' பகுதியில் 'பொது' பக்கத்தைத் திறந்தால் அது யாருடையது என்று தெரிந்துவிடும்.