எப்படி இயங்குகிறது? தாளிப்புக்கு முன் ஊறிய பருப்பு

தெருவில் நடக்கும்போது ஏதோ ஒரு வீட்டிலிருந்து சாம்பார் மணக்கிறது. மூக்கில் முதலில் ஏறுவது கடுகும் பெருங்காயமும் கறிவேப்பிலையும். ஆனால் அவை கடைசியாகச் சட்டியில் விழுந்தவை. அதற்கு வெகுநேரம் முன்பே பருப்பு வெந்து, புளி கரைந்து, காய் பதத்துக்கு வந்திருக்கும். சமைத்துப் பழகியவர் அந்த மணத்தைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போய், எது எப்போது விழுந்தது என்று சொல்லிவிடுவார். பழைய சதுரங்க ஆட்டம் ஒன்றைப் பிரித்துப் பார்ப்பதும் இதே வேலைதான்.

1858, பாரிஸ் நகர ஆப்பரா அரங்கு. வெள்ளைக் காய்களுக்கு 21 வயது பால் மார்ஃபி, அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ்காரர். எதிரே பிரன்ஸ்விக் கோமகன் கார்லும் இசுவார் பிரபுவும் கலந்து பேசிக் கறுப்பை ஆடுகிறார்கள். 17 நகர்த்தல்களில் ஆட்டம் முடிந்துவிட்டது.

எல்லோரும் சொல்லிச் சிலாகிப்பது 16ஆவது நகர்த்தலை. மார்ஃபி தன் ராணியைக் கறுப்பு ராஜாவின் வரிசையிலேயே கொண்டுபோய் வைத்து செக் சொல்கிறார். குதிரையால் அதை வெட்டுவதைத் தவிர கறுப்புக்கு வேறு வழியே கிடையாது. வெட்டியதும் குதிரை நின்ற இடம் காலியாகிறது. அந்த வழியாக யானை இறங்குகிறது, மேட். இதுதான் தாளிப்பு. சத்தமும் மணமும் இங்கேதான். ஆராய்பவர் இங்கேயே மயங்கி நின்றுவிட்டால் ஒன்றும் கற்றுக்கொள்ள முடியாது. மூடியைத் திறந்து, பருப்பு எப்போது ஊறியது என்று பார்க்க வேண்டும்.

சதுரங்கத்தில் ஒரு முறைக்கு ஒரு காய்தான் நகரும். அதாவது அடுப்பு ஒன்றுதான். எதை முதலில் ஏற்றுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கறுப்பு தொடங்கியது பிலிடோர் தற்காப்பில். (அந்தப் பெயருக்கு உரிய பிரெஞ்சு ஆட்டக்காரர் பிலிடோரே ஆப்பராக்களுக்கு இசையமைத்தவர், அரங்குக்குப் பொருத்தமான தொடக்கம்.) 3ஆவது நகர்த்தலில் கறுப்பு மந்திரி வெளியே வந்து வெள்ளைக் குதிரையைக் கட்டிப்போட்டது. அடுத்த நகர்த்தலிலேயே, ஒரு சிப்பாயை இழக்காமலிருக்க, அந்தக் குதிரையை வெட்டி மாண்டது. இரண்டு முறை அடுப்பேற்றிய பண்டம் இலைக்கே வரவில்லை. அதை வெட்டிய சாக்கில் வெள்ளை ராணி செலவில்லாமல் வெளியே வந்துவிட்டது.

7ஆவது நகர்த்தலில் வெள்ளை ராணி பி3 கட்டத்துக்கு வந்து எஃப்7, பி7 என்ற இரண்டு சிப்பாய்களையும் ஒருசேர மிரட்டுகிறது. கறுப்பு தன் ராணியை ராஜாவுக்கு முன்னால் வைத்து எஃப்7ஐக் காத்தது. காத்தது சரி; ஆனால் மளிகை அலமாரிக் கதவை மறித்து அரிசி மூட்டையைப் போட்டதுபோல, உள்ளே இருக்கும் மந்திரிக்கு வெளியே வர வழியில்லாமல் போய்விட்டது.

இங்கே நிறுத்துங்கள். அடுத்த நகர்த்தலைக் காகிதத்தால் மூடிவிட்டு, நீங்களாக இருந்தால் என்ன ஆடுவீர்கள் என்று பத்து நிமிடம் யோசியுங்கள். பி7 சிப்பாய் இலவசமாக நிற்கிறது. எடுத்தால் கறுப்பு ராணி பி4இல் செக் கொடுக்கும், இரண்டு ராணிகளும் வெட்டுப்படும், வெள்ளைக்கு ஒரு சிப்பாய் லாபம். கணினியைக் கேட்டால் மந்திரியால் எஃப்7ஐ அடித்து இன்னும் கூடுதலாகக் காய் லாபம் பார்க்கும் வழியையும் காட்டும். கணக்கில் அதில் பிழையில்லை. மார்ஃபி இரண்டையும் விட்டுவிட்டு இன்னொரு குதிரையை வெளியே கொண்டுவந்தார். பி4 செக் அடைபட்டது. பி7 மீதான மிரட்டலும் அப்படியே இருந்தது. பாகு கம்பிப் பதத்துக்கு வரும் நேரத்தில் வாசலில் யாரோ சில்லறை தருகிறார்கள் என்று கரண்டியைப் போட்டுவிட்டு ஓடாத கை அது. என்னைக் கேட்டால் இந்த ஆட்டத்தின் உயர்ந்த நகர்த்தல் இதுதான், ராணிப் பலி அல்ல.

கணினியைக் கடைசியில் கேளுங்கள். முதலிலேயே கேட்டால், தான் சமைக்காமலே அடுத்தவர் குழம்பில் உப்பு பார்ப்பதாகிவிடும்.

வெள்ளையின் 9ஆவது நகர்த்தல் முடிந்ததும் எண்ணிப் பாருங்கள்: வெள்ளைக்கு நான்கு காய்கள் வெளியே, கறுப்புக்கு ராணியும் ஒரு குதிரையும் மட்டும். அந்த நிலையில் கறுப்பு இன்னொரு சிப்பாயைத் தள்ளி மந்திரியை விரட்டப் பார்த்தது. மந்திரி விலகவில்லை. மார்ஃபி குதிரையைக் கொடுத்து இரண்டு சிப்பாய்களை எடுத்தார். ராஜாவை நோக்கிய வழி திறந்துகொண்டது. கறுப்புக் குதிரைகளில் ஒன்று ராஜாவுக்கு முன்னும், மற்றொன்று ராணிக்கு முன்னும் நகர முடியாமல் கட்டுப்பட்டன. 12ஆவது நகர்த்தல் ராணிப் பக்கக் காஸ்லிங். குக்கரில் கீழே பருப்பும் மேல் தட்டில் அரிசியும் வைப்பதுபோல, ஒரே நகர்த்தலில் ராஜா பத்திரமானார், யானையும் வேண்டிய வரிசைக்கு வந்தது. அந்த யானையைக் கட்டுண்ட குதிரைக்காகக் கொடுத்துவிட்டு, அடுத்த நகர்த்தலிலேயே இரண்டாவது யானையை அதே இடத்தில் நிறுத்தினார்.

கடைசியாக அலமாரியைத் திறந்து பாருங்கள். வெள்ளையில் வேலை செய்யாத காய் ஒன்றுகூட இல்லை. குதிரைகள் இரண்டும், ஒரு யானையும், ஒரு மந்திரியும், ராணியும் செலவாகி, மிஞ்சிய யானையும் மந்திரியும் மேட் செய்தன. கறுப்பின் எஃப்8 மந்திரியும் ஹெச்8 யானையும் ஆட்டம் முடியும்வரை ஒரு கட்டம்கூட நகரவில்லை.